ஏற்றத்தில் நிற்கும் லொறி: பழைய டீசல் எஞ்சினின் கோளாறறியும் முறை

கொழும்பு–கண்டி வீதியில் மாவனல்லையைத் தாண்டிக் கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கியதும், கெபினை முன்னால் சாய்த்தபடி ஓரத்தில் நிற்கும் லொறிகள் கண்ணில் படும். எல்ஃப், கென்டர், டைனா, டாடா, லேலண்ட் என்று பெயர்கள் வேறுபட்டாலும் சாரதிகள் சொல்லும் குறை ஏறக்குறைய ஒன்றுதான்: "ஐட்லிங்ல உதறுது, நியூட்ரல் போட்டா ஓஃப் ஆகிருது." அந்த ஒரு வரிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து காரணங்கள் இருக்கக்கூடும். சில ஒரு செம்பு வோஷரை மாற்றியதும் தீரும். சில எஞ்சினையே திறக்கவைக்கும்.

இந்தக் கேள்வி இன்று கூடுதல் கனமாகியிருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. படிப்படியாகத் தளர்ந்து 2025இல்தான் கதவு மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் புதிய லொறிக்கு வழியில்லாததால், விற்றுவிடலாம் என்றிருந்த பழைய வண்டிகளையே உரிமையாளர்கள் பழுதுபார்த்து ஓட்டினார்கள். கொழுந்து ஏற்றவும், நுவரெலியாவிலிருந்து மரக்கறி இறக்கவும், கட்டிடத்துக்குக் கல்லும் மணலும் கொண்டுபோகவும் கண்டியைச் சுற்றி இன்றும் ஓடுபவற்றில் முப்பது வயதைக் கடந்த எஞ்சின்கள் உண்டு. அந்த எஞ்சினை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. ஆகவே தவறான இடத்தில் கழற்றப்படும் ஒவ்வொரு போல்ட்டும் அந்தக் குடும்பத்தின் வருமானத்திலிருந்துதான் போகிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீசல் பம்பைக் கழற்றுவது கடைசி வேலையாக இருக்கவேண்டும். நம் பகுதிக் கராஜ்கள் பலவற்றில் அதுவே முதல் வேலையாகிவிடுகிறது. பம்பைக் கழற்றி, அளவு பார்க்கும் மேசைக்கு அனுப்பி, திருப்பிப் பூட்டிய பிறகும் எஞ்சின் உதறினால்தான் ரேங்கைப் பார்க்கிறார்கள். தேடல் ரேங்கிலிருந்து தொடங்கி நொசிலை நோக்கிப் போகவேண்டும். அப்படிப் போகிறவருக்கு மலைநாட்டு வீதி ஓர் உதவி செய்கிறது: கோளாறு எங்கே என்பதற்கான சாட்சியத்தைச் செலவில்லாமல் தந்துவிடுகிறது.

ஐட்லிங்கில் மட்டும் ஏன்?

வீதியில் நன்றாக இழுக்கும் எஞ்சின் சந்தியில் நிற்கும்போது மட்டும் ஏன் உதறுகிறது என்று சாரதிகள் கேட்பதுண்டு. கொஞ்சம் கணக்குப் போட்டால் விடை கிடைக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 700 சுற்றில் ஓடுகிறது என்று வைப்போம். நான்கு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும். ஆக நிமிடத்துக்கு 1,400 தடவை, செக்கனுக்கு ஏறத்தாழ 23 தடவை டீசல் தெளிக்கப்படவேண்டும். ஐட்லிங்கில் ஒவ்வொரு தெளிப்பிலும் போகும் டீசல் சுமார் பத்து கன மில்லிமீற்றர்தான். மருந்துச் சொட்டு ஒன்றை ஐந்தாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அது. முழுப் பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது இந்த அளவு ஐந்து ஆறு மடங்காகிவிடும்.

ஒரு நொசில் தேய்ந்து இரண்டு கன மில்லிமீற்றர் குறைவாகத் தெளிக்கிறது என்றால், ஏற்றத்தில் அது நூற்றுக்கு நான்கு பங்கு வித்தியாசம், யாருக்கும் தெரியாது. ஐட்லிங்கிலோ அதே இரண்டு கன மில்லிமீற்றர் நூற்றுக்கு இருபது. அந்தச் சிலிண்டர் தளர்ந்து அடிக்கும்போது மற்ற மூன்றும் அதை இழுத்துக்கொண்டு ஓடவேண்டியிருக்கிறது. கெபின் அதிர்வது அதனால்தான். பெற்றோல் எஞ்சினைப் போலன்றி, பெரும்பாலான பழைய டீசல்களில் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டு கிடையாது. சுற்றைச் சமமாக வைத்திருப்பது பம்பிலுள்ள கவர்னர். ஒரு சிலிண்டர் சோர்ந்தால் கவர்னர் எல்லாச் சிலிண்டருக்கும் டீசலைக் கூட்டிவிடும். எனவே சிறு கோளாறு நீண்ட காலம் மறைந்தே கிடக்கும். கவர்னராலும் ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு வளர்ந்த பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்குகிறது.

ஐட்லிங் ஸ்குரூவைத் திருகிச் சுற்றைக் கூட்டிவைக்கும் வழக்கம் எவ்வளவு கெடுதல் என்பதும் இதிலிருந்து விளங்கும். 700இல் உதறும் எஞ்சின் 950இல் அமைதியாகத் தெரியும். கோளாறு அப்படியே இருக்கும். டீசல் கூடுதலாகப் போகும். கியர் போடும்போது பல் சத்தம் வரும். இறக்கத்தில் காலை எடுத்தாலும் வண்டி தள்ளும். அடுத்த கராஜுக்குப் போகும்போது உண்மையான அடையாளம் அழிந்துபோயிருக்கும்.

நின்ற விதம்

நல்ல மெக்கானிக் பாஸ் ஒருவர் சாவியைக் கையில் வாங்குமுன் கேட்கும் கேள்வி, "எப்படி நின்னுச்சு?" என்பதுதான். பதில்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

சாவியைத் திருப்பி நிறுத்தியதுபோல ஒரே வெட்டில் நின்றது, முன்னெச்சரிக்கை இல்லை, அசைவும் இல்லை என்றால், முதலில் டீசலைத் தேடவேண்டாம். சுழல் வகைப் பம்புகளில் டீசலை அடைக்கும் மின்காந்த வால்வு ஒன்று உண்டு. அதற்குப் போகும் வயரின் முனை தளர்ந்தாலோ, சாவித் துவாரத்தின் உள்தொடுப்பு தேய்ந்தாலோ ஒரு குழியில் விழுந்த அதிர்ச்சியே எஞ்சினை நிறுத்தப் போதும். சாவியைப் போட்டு எடுக்கும்போது பம்பில் ஒரு "டிக்" சத்தம் கேட்கவேண்டும். பற்றரியிலிருந்து தனி வயர் ஒன்றை அந்த வால்வுக்குக் கொடுத்து ஓட்டிப் பார்த்து, அதன் பிறகு நிற்கவில்லை என்றால் விவகாரம் மின்சாரத்தில். வரிசைப் பம்பு உள்ள லொறிகளில் நிறுத்தும் கேபிளோ, நிறுத்தும் மோட்டரோ பாதியில் சிக்கி லீவரை இழுத்துக்கொண்டிருக்கலாம். அதையும் கையால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, சுற்று ஏறி இறங்கி, மூச்சுத் திணறி, கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது, கைப்பம்பை அடித்தபின் மறுபடி ஓடியது என்றால், டீசல் வரத்தில் குறை. காற்று புகுந்திருக்கிறது அல்லது பாதை அடைபட்டிருக்கிறது. கண்டிப் பகுதியில் மிக அதிகம் காண்பது இதுதான் என்பது என் கணிப்பு. அடுத்த பகுதி முழுவதும் இதற்கே.

மூன்றாவது, காலை எடுத்ததும், கிளச்சை மிதித்ததும் சுற்று கீழே விழுந்து நிற்பது. உடனே ஸ்டார்ட் ஆவது. ஐட்லிங் அளவு, கவர்னர், ஆக்சிலேட்டர் கம்பி, நொசில், எக்ஸோஸ்ட் பிரேக் ஆகிய எதுவும் காரணமாகலாம். அவசரம் இல்லாமல் தேடவேண்டிய வகை இது.

காற்றும் சரிவும்

டீசலை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். பம்பின் உள்ளே ஒரு குமிழ் சேர்ந்தால், டீசலைத் தள்ளவேண்டிய விசை அந்தக் குமிழை நசுக்குவதில் போய்விடும். நொசில் திறக்காது. ஒரு தெளிப்பு தவறும். நிறையக் காற்று போனால் எஞ்சின் நிற்கும்.

காற்று புகும் இடத்தைத் தேடுவோர் வழக்கமாக எங்கே டீசல் ஒழுகுகிறது என்று பார்க்கிறார்கள். ரேங்கிலிருந்து, டீசலை இழுக்கும் பீட் பம்ப் வரையுள்ள குழாய் உறிஞ்சும் பக்கம். அங்கே துளை இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். வெளியே ஒரு துளி ஈரமும் இல்லாமல் குழாய் காய்ந்தே இருக்கும். "லீக் ஒண்ணும் இல்லையே" என்று சொல்லிவிட்டுப் பம்பைக் கழற்றப் போவதற்கு இந்தக் காய்ந்த குழாய்தான் காரணம்.

இங்கேதான் சரிவு கைகொடுக்கிறது. எல்ஃப், கென்டர் போன்ற லொறிகளில் எஞ்சின் கெபினின் கீழே முன்புறம் இருக்கிறது, ரேங்க் சேசிசின் பக்கவாட்டில் பின்னால் தொங்குகிறது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் முகம் மேலே பார்க்க நிறுத்தினால், இரண்டு மீற்றர் பின்னாலுள்ள ரேங்க் இருபது சென்ரிமீற்றர் தாழ்ந்துவிடும். குழாயில் நுண்ணிய துளை இருந்தால், இரவு முழுவதும் டீசல் மெல்லப் பின்வாங்கி ரேங்குக்குத் திரும்பிவிடும். காலையில் எஞ்சின் பிடித்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடி, நின்றுவிடும். அதே லொறியை மறுநாள் முகம் கீழே பார்க்க நிறுத்திப் பாருங்கள். காலையில் ஒழுங்காகப் பிடித்தால், குறை நொசிலிலும் இல்லை, கொம்பிரஷனிலும் இல்லை. உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறது. கம்பளையிலும் புசல்லாவையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் சரிவில்லாத முற்றம் கிடைப்பதே கடினம். இந்தப் பரிசோதனைக்கு ஒரு சாவிகூடத் தேவையில்லை.

ரேங்கின் அளவும் பேசும். முழு ரேங்கில் நன்றாக ஓடி, பாதிக்குக் கீழே போனதும் நிற்கிறதா? ரேங்கினுள் இறங்கும் உறிஞ்சு குழாயில் வெடிப்பு இருக்கலாம். டீசல் அந்த வெடிப்புக்கு மேலே நிற்கும்வரை ஒன்றும் தெரியாது, கீழே இறங்கியதும் காற்றை உறிஞ்சத் தொடங்கும். தேயிலைத் தோட்டப் பாதைகளில் குலுங்கியே காலம் கழித்த லொறிகளில் இந்த வெடிப்பை முதலில் சந்தேகிப்பது நியாயம். ஏற்றத்தில் மட்டும் நின்று, சமதரையில் மறுபடி ஓடுவதற்கும் இது காரணமாகலாம். குறைந்த டீசல் ரேங்கின் பின்பக்கம் சாய்ந்து, குழாயின் வாய் வெளியே வந்துவிடுவதும் உண்டு.

இன்னொரு வகை, அரை மணி நேரம் நன்றாக ஓடி, இழுவை குறைந்து நின்று, சற்று ஆறவிட்டால் மறுபடி ஓடுவது. அப்படியானால் ரேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் ரேங்கின் மூச்சுத்துளை அடைபட்டிருக்கிறது. சேறு, குளவிக்கூடு, யாரோ பூசிய பெயின்ற், எதுவாகவும் இருக்கலாம். ஊசியால் குத்திவிட்டால் போதும்.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒரு சோதனை உண்டு. எந்தக் கராஜும் இதைத் தவிர்க்கக்கூடாது என்பேன். ஐந்து லீற்றர் சுத்தமான டீசலை ஒரு கேனில் எடுத்து, பம்பைவிட உயரமான இடத்தில் கட்டுங்கள். ரேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டுக் கேனிலிருந்து குழாய் கொடுங்கள். திரும்பிவரும் குழாயையும் அதே கேனுக்குள் விடுங்கள். காற்றை வெளியேற்றி எஞ்சினை ஓடவிடுங்கள். உதறல் போய்விட்டால் கோளாறு ரேங்குக்கும் கேன் குழாய் பூட்டிய இடத்துக்கும் இடையில். உதறல் அப்படியே இருந்தால் அதற்கு அப்பால். அரை மணி நேர வேலையில் பிரச்சினை இரண்டாகப் பிளந்துவிடுகிறது.

காற்று என்று உறுதியானபின் இடத்தைப் பிடிக்க, பில்டருக்கும் பம்புக்கும் இடையில் கையளவு கண்ணாடிக் குழாயைப் பூட்டிப் பார்ப்பார்கள். ஸ்டார்ட் செய்தவுடன் சில குமிழ்கள் வருவது வழக்கம். தொடர்ந்து வந்துகொண்டேயிருந்தால், ரேங்க் பக்கமிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கண்ணாடிக் குழாயை நகர்த்தி, குமிழ் எங்கே தொடங்குகிறது என்று காணலாம். குற்றவாளிகள் பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான்: திரும்பத் திரும்பப் பாவித்துக் கடினமான செம்பு வோஷர், டீசலுக்கு உகந்ததல்லாத றப்பர் குழாய், அளவுக்கு மேல் இறுக்கிக் குழாயை வெட்டிய கிளிப், கைப்பம்பின் தேய்ந்த வளையம், பில்டரின் மேல் சீலில் ஒட்டியிருந்த மண்துகள். செம்பு வோஷரைப் புதிதாகப் போடுங்கள். முடியாவிட்டால் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டு மென்மையாக்கிப் போடுங்கள்.

கராஜில் வேலை முடிந்து வந்த கையோடு கோளாறு தொடங்கியிருந்தால் ஒரு சிறு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். சுழல் வகைப் பம்பில் டீசல் திரும்பும் பக்கத்துப் போல்ட்டின் தலையில் "அவுட்" என்று பொறித்திருக்கும், உள்ளே ஊசித் துவாரம் ஒன்று இருக்கும். வெளித்தோற்றத்தில் உள்வரும் பக்கத்துப் போல்ட்டும் அதுவும் ஒன்றுபோல. இரண்டையும் மாற்றிப் பூட்டினால் அந்த ஊசித் துவாரத்தின் வழியாகவே எஞ்சினுக்கு வேண்டிய டீசல் முழுவதும் வரவேண்டியிருக்கும். எஞ்சின் மூச்சுத் திணறும்.

டீசல் என்று நாம் ஊற்றுவது

2022ஐ மறந்து இந்தப் பேச்சைப் பேசமுடியாது. அந்த ஜூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாயைத் தொட்டது. கிடைத்தபோது வாங்கிப் பீப்பாயிலும் கேனிலும் சேமித்தவர்கள் பலர். கிடைக்காமல் மாதக்கணக்கில் லொறியை நிறுத்திவைத்தவர்களும் பலர். இரண்டிலும் ஒரே விளைவுதான். பாதி வெறுமையான ரேங்கில் ஈரக்காற்று இரவுக் குளிரில் நீராகப் படியும். நீர் டீசலைவிடக் கனமானதால் அடியில் தங்கும். அந்த நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கரும்பாசிபோலப் படரும். இரும்பு ரேங்க் துருப்பிடிக்கும். வண்டி நகர்ந்து குலுங்கியதும் எல்லாம் கலங்கிப் பில்டருக்கு வரும். மகாவலிப் பள்ளத்தாக்கின் ஈரமும் இரவுக் குளிரும் இதற்கு மிகப் பொருத்தம்.

அதே காலத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய். 2022 ஆகஸ்ட்டில் அது 340 ஆக உயர்த்தப்படும்வரை இரண்டுக்கும் இடையிலிருந்த விலை வித்தியாசம் கலப்படத்துக்கு விடுத்த வெளிப்படையான அழைப்பு. லயத்து அடுப்புக்கும் விளக்குக்கும் போகவேண்டிய எண்ணெய் அது. லொறிக்குப் போனால் இரு பக்கமும் கேடு. மண்ணெண்ணெய் டீசலைவிட மெல்லியது, வழுவழுப்புக் குறைந்தது. சுழல் வகைப் பம்பின் உட்பாகங்கள் அனைத்துக்கும் டீசல்தான் மசகு. அந்த மசகு மெலிந்தால் மைக்ரோன் அளவில் பொருத்திய உருளைகள் உரசித் தேயும். தேய்ந்த இடைவெளியில் டீசல் பின்னால் கசியும். குறைவாகத் தெளிக்கும் ஐட்லிங்கில்தான் இந்தக் கசிவு முதலில் வெளிப்படும்.

ஒரு கண்ணாடிப் போத்தலில் பில்டரின் அடியிலிருந்து டீசலை வடித்து ஓர் இரவு வைத்தால் நீரும் அழுக்கும் அடியில் பிரிந்து நிற்பதைக் கண்ணால் காணலாம். நீர் கண்டால் பில்டரை மட்டும் மாற்றுவதில் பயனில்லை, ரேங்கை இறக்கிக் கழுவவேண்டும்.

எந்தச் சிலிண்டர்?

டீசல் வரத்து சுத்தம், காற்று இல்லை, உதறல் மட்டும் தொடர்கிறது என்றால் இனி எஞ்சின் பக்கம். பழைய எஞ்சின்களில் இதற்கான சோதனை எளியது. ஐட்லிங்கில் ஓடும்போது ஒரு நொசிலுக்குப் போகும் உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் துணி சுற்றிச் சற்றே தளர்த்தவேண்டும். அந்தச் சிலிண்டர் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தால் எஞ்சினின் சத்தம் உடனே விழும். விழவில்லை என்றால் அது ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர். நான்கையும் இப்படிப் பார்த்துவிடலாம். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி முனையளவாகத் தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

பலவீனமான சிலிண்டர் இரண்டாவது என்று வைப்போம். அதன் நொசிலைக் கழற்றி மூன்றாவதுக்கும், மூன்றாவதன் நொசிலை இதற்கும் மாற்றிப் பூட்டுங்கள். பலவீனம் மூன்றாவதுக்கு நகர்ந்தால் குற்றம் நொசிலில். இரண்டாவதிலேயே நின்றால் வால்வு, கொம்பிரஷன், அல்லது பம்பின் அந்தச் சிலிண்டருக்குரிய பகுதி. இந்த இடமாற்றத்தைச் செய்யாமல் நான்கு நொசிலையும் புதிதாக வாங்கச் சொல்வது நியாயமான ஆலோசனை ஆகாது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த நொசில் வாங்கிப் போடுவதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அதைப் பரிசோதனைக் கைப்பம்பில் வைத்துப் பார்க்காமல் பூட்டக்கூடாது. நேரடித் தெளிப்பு எஞ்சின்களில் நொசில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தை ஒட்டித் திறக்கவேண்டும். பனிபோல் சிதறி, கர்ரென்ற ஒலியோடு வெட்டி நிற்கவேண்டும். நுனியில் துளி தொங்கினால் அது நொசில் வேலைக்கு உதவாது. தொங்கும் துளி நேரம் தப்பி எரிந்து, தட்டும் சத்தத்தையும் கரும்புகையையும் தரும்.

நொசில் நல்லது என்றால், பம்புக்குப் போகுமுன் வால்வுகளின் டப்பட் இடைவெளி. எல்ஃப் 4ஜேபி1, கென்டர் 4டி3 வரிசை எஞ்சின்களுக்கு ஆறிய நிலையில் 0.40 மில்லிமீற்றர். இருக்கை தேய்ந்து வால்வு மேலேற ஏற இந்த இடைவெளி சுருங்கும். கடைசியில் வால்வு முழுதாக மூடாமல் கொம்பிரஷன் கசியும். அதன்பின் கொம்பிரஷன் அளவு. இங்கே முக்கியம் தனி எண் மட்டுமன்று, சிலிண்டர்களுக்கிடையிலான வித்தியாசமும்தான். நான்கும் ஒரே அளவில் சற்றுத் தாழ்ந்திருந்தால் எஞ்சின் வயதானது, ஆனால் சமமாக ஓடும். மூன்று நன்றாயிருந்து ஒன்று விழுந்திருந்தால் உதறும்.

புகையின் நிறத்தையும் இங்கே சேர்த்துப் படிக்கலாம். காலையில் கண் எரிக்கும் வெண்புகையோடு உதறி, சூடானதும் தெளிந்தால் கொம்பிரஷன், குளோ பிளக், தெளிக்கும் நேரம் ஆகியவற்றில் ஒன்று. சூடானபின்னும் வெண்புகை நின்றால் தெளிக்கும் நேரம் பிந்தியிருக்கலாம், டீசலில் நீர் இருக்கலாம். நீலம் என்றால் எஞ்சின் ஒயில்.

உயரம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர், நுவரெலியா 1,868. றம்பொடை வழியாக மேலே போகும் லொறிக்கு அங்கே கிடைக்கும் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதன் நூற்றுக்கு எண்பது பங்குதான். டேர்போ இல்லாத எஞ்சின் முழுப் பாரத்தில் கரும்புகை விடுவது அதனால். ஆனால் ஐட்லிங்கில் டீசல் கொஞ்சம்தான், காற்றோ தேவைக்கு மிக அதிகம். மலைக்காற்றை ஐட்லிங் உதறலுக்குக் காரணமாக்கி டீசலைக் குறைப்பது பிழை. உயரம் செய்வது வேறொன்று: ஏற்கெனவே தளர்ந்த கொம்பிரஷனை இன்னும் தாழ்த்தி, குளிர்ந்த காலையில் அதை வெளிக்காட்டிவிடுகிறது.

பலர் பார்க்காத இடங்கள்

1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசன் வெட்டிய கடுகண்ணாவைப் பாதை வண்டி மாடுகளையும் குதிரைகளையும் எண்ணிப் போட்ட பாதை. இன்று அதே வளைவுகளில் பாரலொறிகள் எக்ஸோஸ்ட் பிரேக்கைப் பிடித்தபடி இறங்குகின்றன. மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவிலும் அப்படித்தான். அந்தப் பிரேக், சைலன்சர் குழாயின் உள்ளே மூடித் திறக்கும் ஒரு தட்டு. கரி படிந்து அது முழுதாகத் திறக்காமல் நின்றுவிட்டால், எஞ்சின் புகையை வெளியேற்ற முடியாமல் தன் மூச்சுக்குள்ளேயே அடைபடும். ஐட்லிங் தாழும், கரும்புகை வரும், ஏற்றத்தில் இழுவை இராது. தட்டின் தண்டைக் கையால் அசைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. மலைநாட்டில் ஓடும் லொறிக்கு இது பட்டியலின் தொடக்கத்திலேயே இருக்கவேண்டும். சில ஜப்பானிய லொறிகளில் உள்வரும் காற்றுப் பக்கத்திலும் இதேபோன்ற தட்டு உண்டு, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பழைய டைனாக்களின் பி வரிசை எஞ்சின்களில் கவர்னர் காற்று வெற்றிடத்தால் இயங்குவது. உள்ளேயிருக்கும் சவ்வு காய்ந்து வெடித்தாலோ, அதற்குப் போகும் குழாய் கழன்றாலோ சுற்று தானாக ஏறி இறங்கும். சவ்வு மலிவானது. அதைப் பார்க்காமல் பம்பைப் பிரிப்பது வீண்.

எஞ்சின் தாங்கும் றப்பர்கள் நசிந்த லொறியில் எஞ்சின் சமமாகவே ஓடும், கெபின்தான் ஆடும். சைலன்சர் வாயில் நின்று கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். சத்தம் ஒரே சீராக இருந்தால் றப்பரை மாற்றுங்கள்.

கடைசியாகப் பம்ப்

வரிசைப் பம்பை போஷ் நிறுவனம் 1927இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அதன் உரிமத்தோடு 1939இல் ஜப்பானில் டீசல் கிக்கி தொடங்கியது, 1990இல் அது செக்செல் ஆனது. பெங்களூரில் 1951இல் பிறந்த மைக்கோ இந்திய லொறிகளுக்குப் பம்பு கொடுத்தது. நம் கராஜ் மேசைகளுக்கு வரும் பம்புகளில் பெரும் பகுதி இந்த ஒரே குடும்பத்தின் கிளைகள். ஒழுங்கான டீசல் கிடைத்தால் பல்லாண்டு உழைக்கும் பொருள். அதனால்தான் அதன்மேல் சந்தேகம் கடைசியில் வரவேண்டும் என்கிறேன்.

உண்மையாகவே பம்ப் தேய்ந்திருப்பதற்கு நல்ல அடையாளம் ஒன்று உண்டு. குளிரில் நன்றாகப் பிடித்து, சூடானதும் நின்று, மறுபடி பிடிக்க மறுக்கும். சூட்டில் டீசல் மெலிந்து தேய்ந்த இடைவெளியால் கசிந்துவிடுகிறது. எஞ்சின் நின்றிருக்கும்போது ஈரத்துணியைப் பம்பின்மேல் போர்த்தி ஆறவிட்டு, அதன்பின் பிடித்தால் பம்பின் தலைப்பகுதி தேய்ந்தது என்று கொள்ளலாம். ஓடும் பம்பில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், உள்ளே இறுகிவிடக்கூடும். வரிசைப் பம்பாயின் அனுப்புமுன் அதன் வழிதல் வால்வைப் பாருங்கள். உள்ளேயிருக்கும் சிறு ஸ்பிரிங் தளர்ந்தால் பம்பின் வயிற்றில் அழுத்தம் நிற்காது.

பம்பை மேசைக்கு அனுப்பினால் அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். ஐட்லிங் சுற்றில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு, முழுப் பாரத்தில் எவ்வளவு என்று அதில் தனித்தனியே இருக்கவேண்டும். முழுப் பாரத்தில் மட்டும் சமப்படுத்தித் தரும் வேலை இந்தக் குறையைத் தீர்க்காது. முத்திரையிட்ட ஸ்குரூவை யாரும் வீதியோரத்தில் திருக இடங்கொடுக்கவும் வேண்டாம். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்காக டீசலைக் குறைத்துவிட்டுப் பின்னர் கூட்டுவது வழக்கமாகிவிட்டது. மலைகள் சூழ்ந்த கண்டிக் கிண்ணத்தில் அந்தப் புகை வெளியேறாமல் தங்குகிறது. அதைச் சுவாசிப்பவர்கள் பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பஸ்ஸுக்கு நிற்கும் நம் பிள்ளைகள்.

இத்தனையும் இயந்திரப் பம்பு உள்ள லொறிகளுக்கே. கொமன் ரெயில் எஞ்சின் 1995இல் ஹீனோ லொறியில் முதன்முதல் வந்தது. இன்று ரீகண்டிஷனில் வரும் எல்ஃப், கென்டர்களில் அதுதான் பரவலாகிவருகிறது. அவற்றில் குழாயின் நட்டைத் தளர்த்திச் சிலிண்டரைப் பார்க்கும் முறைக்கு இடமே இல்லை. உள்ளே ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தம், தோலைத் துளைத்துக் கடுமையான காயம் ஏற்படுத்தக்கூடியது. அங்கே ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கணினி எவ்வளவு திருத்தம் கொடுக்கிறது என்று பார்க்கவேண்டும். நான்கு இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பும் டீசலை நான்கு ஒரே அளவுக் குப்பிகளில் பிடித்து, எது அதிகம் கசிகிறது என்று ஒப்பிடவேண்டும். ரேங்க், மூச்சுத்துளை, உறிஞ்சு குழாய், பில்டர் வரையான தேடல் மட்டும் இரு வகைக்கும் பொது.